ஜான் ஜே: தலைமை நீதிபதியே தூதராகக் கப்பலேறிய காலம்

2025-ல் ஆளுநர்களின் அதிகாரம் பற்றி 14 கேள்விகளை எழுதி இந்தியக் குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். தமிழ்நாடு அரசு தொடுத்த வழக்கில் ஏப்ரல் 8 அன்று வந்த தீர்ப்புதான் அதற்குப் பின்னணி. நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தக் கேள்விகளுக்குத் தன் கருத்தைச் சொன்னது. வழக்கு இல்லை, வாதி பிரதிவாதி இல்லை, ஆனாலும் நீதிமன்றம் பதில் சொல்கிறது. இது எப்படி என்று அப்போது பலர் குழம்பினார்கள். நம் அரசியலமைப்பின் 143-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. சரி, அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இப்படி நடக்குமா? நடக்காது. அந்தக் கதவை 1793 ஆகஸ்ட் 8 அன்று அந்நாட்டின் முதல் தலைமை நீதிபதி ஜான் ஜேயும் சக நீதிபதிகளும் சாத்தினார்கள். இன்றுவரை அது திறக்கவில்லை.

அரசுக்கு ஆலோசனை சொல்வது எங்கள் வேலையல்ல என்று ஒதுங்கிய அதே ஜே, ஒன்பது மாதம் கழித்து, தலைமை நீதிபதி பதவியை விடாமலே அதிபரின் தூதராக லண்டனுக்குக் கப்பலேறினார். அங்கே அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்துக்காக ஊர் ஊராக அவர் கொடும்பாவியை எரித்தார்கள். இந்த இரண்டும் ஒரே மனிதரிடம் எப்படிப் பொருந்தின என்று பார்த்தால் அமெரிக்க அரசியலமைப்பின் பல வேலிகள் எங்கே, ஏன் நடப்பட்டன என்பது தெரிகிறது. அந்த வேலிகளில் சில ஜே வேண்டாம் என்று மறுத்ததால் வந்தவை. சில, அவர் தாண்டிப் போனதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் நட்டவை.

முதலில் நான்கு சொற்கள்

1. ஆலோசனைக் கருத்து: உண்மையான வழக்கு எதுவும் இல்லாமல், அரசு கேட்கும் சட்டக் கேள்விக்கு நீதிமன்றம் சொல்லும் பதில்.

2. செனட் ஒப்புதல்: வெளிநாட்டோடு ஒப்பந்தம் பேசுவது அமெரிக்க அதிபரின் வேலை. ஆனால் செனட் அவையில் வந்திருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் ஏற்றால்தான் அது செல்லும்.

3. மாநிலத்தின் வழக்கு விலக்கு: ஒரு மாநில அரசை அதன் சம்மதம் இல்லாமல் தனிமனிதர் நீதிமன்றத்துக்கு இழுக்க முடியாது என்ற சட்டப் பாதுகாப்பு.

4. சுற்று நீதிமன்றம்: உச்ச நீதிமன்ற நீதிபதிகளே ஊர் ஊராகப் பயணம் செய்து கீழ்நிலை வழக்குகளை விசாரித்த பழைய ஏற்பாடு. ஜே பதவியை வெறுத்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

வழக்கறிஞர் எப்படி அரசியலுக்கு வந்தார்

ஜே 1745 டிசம்பரில் நியூயார்க்கில் பிறந்தார். தந்தை வழியில் பிரான்சிலிருந்து மதக் கொடுமைக்குத் தப்பி வந்த ஹியூகனாட் (பிரெஞ்சு புராட்டஸ்டன்ட்) குடும்பம், தாய் வழியில் டச்சுக்காரர்கள். இங்கிலாந்து ரத்தம் இல்லாத வணிகக் குடும்பம். இன்று கொலம்பியா பல்கலைக்கழகமாக இருக்கும் கிங்ஸ் கல்லூரியில் 1764-ல் பட்டம் பெற்றார், பெஞ்சமின் கிஸ்ஸம் என்ற வழக்கறிஞரிடம் தொழில் பழகினார், 1768-ல் வழக்காட அனுமதி பெற்றார். 1774-ல் சாரா லிவிங்ஸ்டனை மணந்தார். லிவிங்ஸ்டன் என்பது அன்றைய நியூயார்க், நியூஜெர்சி அரசியலில் கனமான பெயர்.

அதே ஆண்டில், காலனிகளின் பிரதிநிதிகள் கூடிய முதல் கான்டினென்டல் காங்கிரசுக்குப் போனார். அங்கே அவர் அவசரக்காரர் அல்ல. பிரிட்டனோடு சமரசம் முடியுமா என்று கடைசி வரை பார்த்தவர். போர் வந்த பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. சுதந்திரப் பிரகடனத்தில் அவர் கையெழுத்து இல்லாததற்குக் காரணம், 1776 கோடையில் அவர் நியூயார்க் மாகாணப் பேரவை வேலையில் இருந்ததுதான். 1777-ல் நியூயார்க்கின் முதல் அரசியலமைப்பை எழுதியதில் முக்கியக் கை அவருடையது. அந்த மாநிலத்தின் முதல் தலைமை நீதிபதியும் அவரே. 1778 டிசம்பரிலிருந்து 1779 செப்டம்பர் வரை காங்கிரசின் தலைவராகவும் இருந்தார்.

மாட்ரிட்டில் கற்ற பாடம், பாரிசில் பயன்பட்டது

1779-ல் அவரை ஸ்பெயினுக்குத் தூதராக அனுப்பினார்கள். ஸ்பெயின் அவரைத் தூதராகவே ஏற்கவில்லை. புதிய நாட்டை அங்கீகரிக்க அதற்கு மனமில்லை. தன் காலனிகளும் நாளை இப்படிக் கிளம்பும் என்ற பயம் அதற்கு இருந்தது. இரண்டு ஆண்டுக்கு மேல் காத்துக் கிடந்து அவர் வாங்க முடிந்தது சுமார் 1,70,000 டாலர் கடன் மட்டும். மாட்ரிட்டில் அவர்களுக்குப் பிறந்த பெண்குழந்தையும் இறந்தது. நட்பு நாடு என்று சொல்லிக்கொள்பவர்கள் எதை விரும்புகிறார்கள், எதற்குக் காசு கொடுப்பார்கள் என்பதை அங்கேதான் அவர் நன்றாகப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன்.

1782-ல் பாரிசுக்கு வந்து பெஞ்சமின் ஃபிராங்க்ளினோடு சேர்ந்து பிரிட்டனோடு சமாதானம் பேசினார். பிரிட்டிஷ் தூதர் ரிச்சர்ட் ஆஸ்வால்டிடம் இருந்த அதிகாரப் பத்திரத்தில் 'காலனிகள்' என்று எழுதியிருந்தது. ஃபிராங்க்ளின் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஜே ஒப்பவில்லை. காலனியோடு பேசத்தான் அதிகாரம் என்றால், பேசி முடித்த பிறகும் நாங்கள் காலனிதானே என்பது அவர் வாதம். வழக்கறிஞர் புத்தி அது. வக்காலத்தில் கட்சிக்காரர் பெயர் தப்பாக இருந்தால் வழக்கே நிற்காது என்று தெரிந்தவர் வேறெப்படிப் பார்ப்பார்? லண்டனிலிருந்து 'பதின்மூன்று ஐக்கிய நாடுகள்' என்று திருத்திய பத்திரம் வந்த பிறகுதான் முறையான பேச்சு தொடங்கியது. இந்த இடைவெளியில் ஜிப்ரால்டர் முற்றுகையில் பிரிட்டன் வென்று அதன் கை ஓங்கியது. தாமதத்துக்கு ஒரு விலை இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்றும் நடந்தது. பிரான்சின் ஆலோசனைப்படியே நடக்க வேண்டும் என்பது காங்கிரசின் கட்டளை. பிரான்ஸ் தன் பக்கம் ரகசியமாக ஆள் அனுப்பி லண்டனில் பேசுகிறது என்று தெரிந்ததும் ஜே கட்டளையை ஓரம் வைத்துவிட்டு நேராக பிரிட்டனோடு பேசினார். 1782 நவம்பர் 30 அன்று முதற்கட்ட உடன்படிக்கை கையெழுத்தானது. மிசிசிப்பி ஆறு வரை நிலம் அமெரிக்காவுக்கு வந்தது.

இந்தப் பேச்சுவார்த்தையை பெஞ்சமின் வெஸ்ட் என்ற ஓவியர் வரையத் தொடங்கினார். இடப்பக்கம் ஜே நிற்கிறார், அமெரிக்கத் தரப்பில் பேசிய இன்னொருவரான ஜான் ஆடம்சும் ஃபிராங்க்ளினும் உட்கார்ந்திருக்கிறார்கள். வலப்பக்கம் வெறும் பூச்சு. பிரிட்டிஷ் தரப்பு ஓவியத்துக்கு உட்காரவில்லை. படம் இன்றும் பாதியில் நிற்கிறது.

கைகட்டப்பட்ட வெளியுறவுச் செயலர்

1784 முதல் ஜே வெளியுறவுச் செயலர். அன்றைய கூட்டமைப்பில் 13 மாநிலங்களுக்கும் தலா ஒரு வாக்கு. ஒப்பந்தம் நிறைவேற 9 வாக்கு வேண்டும். 1786-ல் ஸ்பெயினோடு வணிக உடன்பாட்டுக்காக, மிசிசிப்பியில் கப்பல் விடும் உரிமையைச் சுமார் 25 ஆண்டுகள் வலியுறுத்தாமல் விடலாமா என்று காங்கிரசிடம் கேட்டார். வடக்கின் 7 மாநிலங்கள் சரி என்றன. தெற்கு கொதித்தது, ஏனென்றால் அதன் விளைச்சல் கடலுக்குப் போக அந்த ஆறுதான் வழி. 9 கிடைக்கவில்லை, திட்டம் செத்தது. மறு ஆண்டு அரசியலமைப்பை எழுதியவர்கள் ஒப்பந்தங்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்று வைத்ததில் இந்தக் காயத்துக்கும் பங்குண்டு. ஒரு பகுதி இன்னொரு பகுதியின் ஆற்றை விற்றுவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை.

அதே 1786-ல் ஜே காங்கிரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். பிரிட்டன் எல்லைக் கோட்டைகளை விட்டுப் போகவில்லை என்று நாம் குற்றம் சாட்டுகிறோம், ஆனால் பிரிட்டிஷ் வணிகர்களின் பழைய கடனை வசூலிக்க விடாமல் நம் மாநிலங்களும் சமாதான ஒப்பந்தத்தை மீறியிருக்கின்றன என்று அதில் எழுதினார். சொந்த நாட்டின் தப்பை அரசாங்க ஏட்டில் எழுதிவைக்கத் துணிச்சல் வேண்டும். எட்டு ஆண்டு கழித்து லண்டனில் என்ன நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள இந்த அறிக்கையை நினைவில் வையுங்கள்.

ஒரு கடிதம், ஒரு தகுதி விதி

1787 ஜூலை 25 அன்று, அரசியலமைப்பை எழுதக் கூடிய ஃபிலடெல்ஃபியா மாநாட்டுக்குத் தலைமை வகித்த வாஷிங்டனுக்கு ஜே ஒரு கடிதம் எழுதினார். படைத்தலைமை பிறப்பால் குடிமகனானவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதிவிடுங்கள் என்பது அதன் சாரம். 'பிறப்பால்' என்ற சொல்லுக்கு அவர் அடிக்கோடிட்டிருந்தார். சில வாரங்களில் அந்தச் சொற்றொடர் அதிபராகும் தகுதியாக அரசியலமைப்பில் ஏறியது. அதற்கு விளக்கம் எதுவும் எழுதப்படவில்லை. 2020-ல், சென்னையிலிருந்து சென்ற ஷியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் துணை அதிபர் பதவிக்கு நின்றபோது, பெற்றோர் குடியேறிகள் என்பதைக் காட்டி அவர் தகுதியைச் சிலர் கேள்வி கேட்டார்களே, அந்த வாதம் தொங்கிக்கொண்டிருந்தது இந்தச் சொற்றொடரில்தான். அவர் கலிஃபோர்னியாவில் பிறந்தவர் என்பதால் வாதம் எடுபடவில்லை.

அரசியலமைப்பை ஆதரித்து ஹாமில்டன், மேடிசன், ஜே மூவரும் எழுதிய 85 கட்டுரைகளில் ஜே எழுதியவை 5. உடல்நலம் கெட்டதால் நடுவில் நின்றுபோனார். 1788 ஏப்ரலில், மருத்துவ மாணவர்கள் கல்லறைகளைத் தோண்டுகிறார்கள் என்று கிளம்பிய நியூயார்க் கலவரத்தை அடக்கப் போய் தலையில் கல்லடியும் பட்டார்.

தலைமை நீதிபதி: வழக்கில்லாத நீதிமன்றம்

1789-ல் வாஷிங்டன் அவரை முதல் தலைமை நீதிபதியாக நியமித்தார். சம்பளம் ஆண்டுக்கு 4,000 டாலர். 1790 பிப்ரவரி 1 அன்று நியூயார்க்கில் வணிகர்கள் கூடும் கட்டடம் ஒன்றில் முதல் அமர்வு. ஆறு நீதிபதிகளில் மூன்று பேர்தான் வந்திருந்தார்கள். கோரம் இல்லாமல் மறுநாளுக்குத் தள்ளினார்கள். மறுநாள் கோரம் சேர்ந்தது, ஆனால் விசாரிக்க வழக்கு ஒன்றும் இல்லை.

வேலை முழுக்கச் சாலையில் இருந்தது. ஆண்டுக்கு இரு முறை சுற்று நீதிமன்றப் பயணம். நியூயார்க்கும் நியூ இங்கிலாந்தும் ஜேயின் பங்கு. சேறு, பனி, சத்திரம், மறுபடி வண்டி. அப்புறம், தான் கீழே கேட்ட வழக்கே மேல்முறையீட்டில் தன்னிடமே வரக்கூடும் என்ற முறைகேடும் அதில் இருந்தது. மாற்றச் சொல்லி நீதிபதிகள் எழுதினார்கள். அதிகம் மாறவில்லை.

பெரிய தீர்ப்பு ஒன்று உண்டு, 1793 பிப்ரவரியில். போர்க்காலத்தில் ஜார்ஜியா மாநிலத்துக்குச் சரக்குக் கொடுத்த தென் கரோலினா வணிகர் ஒருவருக்குப் பணம் வரவில்லை. அவர் இறந்த பிறகு சொத்தை நிர்வகித்த சிஸம் வழக்குப் போட்டார். ஜார்ஜியா ஆஜராகவே மறுத்தது. மாநிலத்தின் மீது வேறு மாநிலத்துக் குடிமகன் வழக்குத் தொடுக்கலாம் என்று 4-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. இறையாண்மை மக்களிடம் இருக்கிறது, அரசர் இல்லாத நாட்டில் மாநில அரசு நீதிமன்றத்துக்கு மேலே நிற்க முடியாது என்பது ஜேயின் வாதம். எனக்கு இன்றும் இது சரியாகவே படுகிறது. ஆனால் போர்க்கடன் சுமந்த மாநிலங்கள் மிரண்டன. தீர்ப்பை நிறைவேற்ற வருபவரைத் தூக்கிலிட வேண்டும் என்றுகூட ஜார்ஜியாவின் கீழவை மசோதா நிறைவேற்றியது. 1795 பிப்ரவரியில் 11-ஆவது திருத்தம் வந்து தீர்ப்பை அழித்தது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை மாற்றுவதற்காக அமெரிக்க அரசியலமைப்பு திருத்தப்பட்டது அதுவே முதல் முறை.

29 கேள்விகள்

1793-ல் பிரான்சும் பிரிட்டனும் போரில் இறங்கின. வாஷிங்டன் ஏப்ரல் 22 அன்று நடுநிலைமை அறிவித்தார். புதிய பிரெஞ்சுத் தூதர் ஜெனே அமெரிக்கத் துறைமுகங்களிலேயே கப்பல்களுக்கு ஆயுதம் பூட்டி பிரிட்டிஷ் கப்பல்களைப் பிடிக்க அனுப்பினார். எது செல்லும், எது செல்லாது? பிரான்சோடு இருந்த பழைய ஒப்பந்தம் என்ன சொல்கிறது? ஜூலை 18 அன்று வெளியுறவுச் செயலர் ஜெஃபர்சன் நீதிபதிகளுக்கு எழுதினார். கூடவே 29 கேள்விகள் தயாராயின.

ஆகஸ்ட் 8 அன்று நீதிபதிகள் வாஷிங்டனுக்குப் பணிவாக மறுப்பு எழுதினார்கள். அவர்கள் காரணங்களைச் சுருக்கினால்:

1. அரசின் மூன்று கிளைகளும் ஒன்றையொன்று கண்காணிக்கப் பிரிக்கப்பட்டவை.

2. நாங்கள் கடைசிப் படியில் இருக்கும் நீதிமன்றம். இன்று கருத்துச் சொன்ன விஷயம் நாளை வழக்காக வந்தால் எப்படி விசாரிப்பது?

3. எழுத்து மூலம் கருத்துக் கேட்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு அதிபருக்குத் தந்திருக்கிறது. ஆனால் அது துறைத் தலைவர்களிடம் கேட்க மட்டும்.

இந்தியா வேறு வழியை எடுத்தது. 1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டத்தில் இருந்த ஆலோசனை அதிகாரத்தை நம் அரசியலமைப்பு 143-ஆவது பிரிவாக வைத்துக்கொண்டது. இரண்டில் எது சரி என்பது தனி விவாதம். ஜேயின் இரண்டாவது காரணம் மட்டும் எந்த நாட்டுக்கும் பொருந்தும் கேள்வி என்று நினைக்கிறேன்.

ஆனால் இதே ஜே, நான்கு மாதம் முன்பு நிதிச் செயலர் ஹாமில்டன் கேட்டதற்காக நடுநிலைமை அறிவிப்புக்குத் தனிப்பட்ட முறையில் ஒரு வரைவு எழுதிக் கொடுத்திருந்தார். 1792-ல் தலைமை நீதிபதியாக இருந்துகொண்டே நியூயார்க் ஆளுநர் தேர்தலில் நின்று, மூன்று மாவட்டங்களின் வாக்குகள் தள்ளுபடியானதால் 108 வாக்கில் தோற்றும் இருந்தார். நட்பாகக் கேட்டால் சொல்வார், நீதிமன்றமாகக் கேட்டால் சொல்லமாட்டார். இதை இரட்டை வேடம் என்று நான் சொல்லமாட்டேன். நீதிபதி என்ற மனிதர் வேறு, நீதிமன்றம் என்ற நிறுவனம் வேறு என்று அந்தத் தலைமுறை நம்பியது. அந்தப் பிரிவு போதாது என்பது அடுத்த ஆண்டே தெரிந்தது.

லண்டன், 1794: கையில் இருந்த சீட்டு என்ன?

1794 தொடக்கத்தில் போர் மேகம் திரண்டிருந்தது. பிரெஞ்சுத் தீவுகளோடு வணிகம் செய்ததற்காகக் கரீபியக் கடலில் சுமார் 250 அமெரிக்கக் கப்பல்களை பிரிட்டன் பிடித்திருந்தது. டெட்ராய்ட், நயாகரா போன்ற கோட்டைகளில் 11 ஆண்டு கழித்தும் பிரிட்டிஷ் படை இருந்தது. வாஷிங்டன் ஜேயை அனுப்ப முடிவு செய்தார். பதவியில் இருக்கும் நீதிபதிக்கு அதிபர் வேறு பதவி தருவது நீதித்துறையின் சுதந்திரத்தைக் கெடுக்கும் என்று செனட்டில் எதிர்ப்பு வந்தது. ஒப்பந்தம் நாளை வழக்காக வந்தால், பேசியவரே தீர்ப்பும் எழுதுவாரா? கேள்வி நியாயமானது. ஆனால் 18-க்கு 8 என்று நியமனம் நிறைவேறியது. மே 12 அன்று கப்பல் ஏறினார்.

அவர் கையில் இருந்தது மிகக் குறைவு. அமெரிக்காவிடம் கடற்படை இல்லை, ஆறு போர்க்கப்பல் கட்டும் சட்டமே அந்த மார்ச்சில்தான் வந்தது. அரசின் வருமானத்தில் பெரும்பகுதி இறக்குமதி வரி, இறக்குமதியில் பெரும்பகுதி பிரிட்டிஷ் சரக்கு. போர் வந்தால் முதல் நாளே கஜானா காலி. ஸ்வீடன், டென்மார்க்கோடு சேர்ந்து ஆயுத நடுநிலைக் கூட்டணிக்குப் போவோம் என்று மிரட்டவாவது ஒரு வழி இருந்தது. அந்தக் கூட்டணியில் அமெரிக்கா சேராது என்று ஹாமில்டன் பிரிட்டிஷ் தூதரிடமே சொல்லிவிட்டார். போதாததற்கு, கடன் விஷயத்தில் நம் பக்கமும் தப்பு என்று 1786-ல் எழுதியவர் ஜேயே.

நவம்பர் 19 அன்று பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் கிரென்வில் பிரபுவோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. கிடைத்தவை:

1. 1796 ஜூன் 1-க்குள் கோட்டைகளைக் காலி செய்வது.

2. பிடிக்கப்பட்ட கப்பல்களுக்கு நஷ்டஈடு, பழைய கடன், வடகிழக்கு எல்லை ஆறு ஆகிய மூன்றையும் இரு நாட்டு ஆணையங்கள் விசாரித்துத் தீர்ப்பது.

3. இந்தியாவில் உள்ள பிரிட்டிஷ் துறைமுகங்களில் அமெரிக்கக் கப்பல்களுக்கு அனுமதி. 13-ஆவது பிரிவு இது. மதராஸ், கல்கத்தா எல்லாம் இதில் அடங்கும். சரக்கை நேராக அமெரிக்காவுக்குத்தான் கொண்டுபோக வேண்டும், துறைமுகத்துக்குத் துறைமுகம் கரையோர வணிகம் செய்யக் கூடாது என்று நிபந்தனை.

கிடைக்காதவை பெரியவை. அமெரிக்க மாலுமிகளைப் பிடித்துத் தன் கடற்படையில் வேலை வாங்கும் பிரிட்டிஷ் வழக்கம் பற்றி ஒரு சொல்கூட இல்லை. போரில் பிரிட்டிஷாரோடு போன அடிமைகளுக்கு அவர்களின் பழைய எஜமானர்கள் கேட்ட பணம் இல்லை. ஜே அதை வலியுறுத்தாமல் விட்டார். கரீபியத் தீவுகளோடு வணிகம் செய்ய 70 டன்னுக்கு மேற்படாத கப்பல்களுக்கு மட்டும் அனுமதி, அதற்கு விலையாகச் சர்க்கரை, காபி, பருத்தி முதலியவற்றை அமெரிக்கக் கப்பல்கள் உலகின் வேறெங்கும் ஏற்றிப் போகக் கூடாது. இந்த 12-ஆவது பிரிவு மோசமான பேரம். ஜேயை எவ்வளவு மதித்தாலும் இதற்குச் சமாதானம் சொல்ல முடியாது.

செனட் அந்தப் பிரிவை வெட்டிவிட்டு 1795 ஜூன் 24 அன்று 20-க்கு 10 என்று ஒப்புக்கொண்டது. ஒரு வாக்கு குறைந்திருந்தால் மூன்றில் இரண்டு பங்கு இல்லை. ரகசியமாக வைத்திருந்த வாசகம் ஃபிலடெல்ஃபியா பத்திரிகை ஒன்றில் கசிந்தது. கொடும்பாவிகள் எரிந்தன. ஒப்பந்தத்தை ஆதரித்துப் பேச வந்த ஹாமில்டன் மீது நியூயார்க்கில் கல் விழுந்தது. ஆகஸ்டில் வாஷிங்டன் கையெழுத்திட்டார்.

அப்புறம் பிரதிநிதிகள் சபை கிளம்பியது. ஆணையங்களுக்குப் பணம் ஒதுக்குவது நாங்கள், எனவே ஜேக்குத் தந்த கட்டளைகளைக் காட்டுங்கள் என்றது. 1796 மார்ச் 30 அன்று வாஷிங்டன் மறுத்தார். ஒப்பந்தத்தில் அந்தச் சபைக்கு வேலை இல்லை என்பது அவர் நிலை. அதிபர்கள் ஆவணங்களைத் தர மறுக்கும்போதெல்லாம் எடுத்துக்காட்டும் முன்னுதாரணம் இது. பணம் ஒதுக்கும் தீர்மானம் குழுவில் 49-க்கு 49 என்று நின்று, தலைவர் முலன்பெர்க்கின் வாக்கால் தப்பியது. சபையில் 51-க்கு 48.

விளைவுகளைக் கணக்குப் பார்த்தால், கோட்டைகள் 1796-ல் கைக்கு வந்தன. கப்பல் இழந்த அமெரிக்க வணிகர்களுக்கு 1 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. கடன் ஆணையம் சண்டையில் முறிந்து, 1802-ல் 6 லட்சம் பவுண்டு கொடுத்து முடித்தார்கள். பிரான்ஸ் இதைத் துரோகமாகப் பார்த்தது, 1798-ல் கடலில் அறிவிக்கப்படாத போரே மூண்டது. பிரிட்டனோடு போர் வந்தது, ஆனால் 1812-ல். இடையில் கிடைத்த 18 ஆண்டுகளில் நாட்டின் மக்கள்தொகையும் வணிகமும் பெருகின. ஜே வாங்கி வந்தது அந்தக் காலத்தைத்தான்.

ஆளுநர்: அடிமைகளை வைத்திருந்தவர், அடிமை முறைக்கு எதிராகக் கையெழுத்திட்டவர்

லண்டனிலிருந்து இறங்கும்போதே நியூயார்க் மக்கள் அவரை ஆளுநராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். 1795 ஜூன் இறுதியில் தலைமை நீதிபதி பதவியை விட்டார்.

1799 மார்ச் 29 அன்று அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த ஜூலை 4-க்குப் பின் அடிமைத் தாய்க்குப் பிறக்கும் குழந்தை சட்டப்படி சுதந்திரம், ஆனால் ஆண் 28 வயது வரை, பெண் 25 வயது வரை தாயின் எஜமானருக்கு உழைக்க வேண்டும். 1785-லேயே அடிமைகளை விடுவிக்கும் சங்கத்தின் முதல் தலைவராக இருந்தவர் ஜே. அதே ஜே அடிமைகளை வாங்கி, சில காலம் வேலை வாங்கி, பிறகு விடுவித்து வந்தார். பாரிசில் 1783-ல் நடந்ததை விட்டுவிட முடியாது. அவர் குடும்பத்தோடு கொண்டுவரப்பட்ட அபிகெயில் என்ற அடிமைப் பெண் வீட்டை விட்டுப் போனாள். பிடித்துச் சிறையில் வைத்தார்கள். சிறிது காலம் உள்ளேயே இருக்கட்டும் என்று ஃபிராங்க்ளின் சொன்னார், இங்கிலாந்தில் இருந்த ஜேயும் ஒப்பினார். நோயோடு திரும்பியவள் இறந்தாள். சுதந்திர ஒப்பந்தம் கையெழுத்தாகிச் சில மாதம்கூட ஆகவில்லை.

1800 மே 7 அன்று ஹாமில்டன் ஒரு கடிதம் அனுப்பினார். நியூயார்க் சட்டமன்றத் தேர்தலில் எதிர்க்கட்சி வென்றுவிட்டது. புதிய சட்டமன்றம்தான் அதிபர் தேர்தலுக்கான வாக்காளர்களைத் தேர்ந்தெடுக்கும். பழைய சட்டமன்றத்தின் காலம் முடிவதற்குள் அதைக் கூட்டி விதியை மாற்றுங்கள், ஜெஃபர்சனைத் தடுக்கலாம் என்றார். ஜே பதில் எழுதவில்லை. கடிதத்தின் மேலேயே, கட்சி லாபத்துக்காகச் சொல்லும் யோசனை, நான் ஏற்பது தகாது என்று குறித்து மடித்து வைத்தார். நியூயார்க்கின் 12 வாக்கும் ஜெஃபர்சனுக்குப் போயின. ஜேயின் கட்சி 73-க்கு 65 என்று தோற்றது.

அந்த டிசம்பரில் அதிபர் ஆடம்ஸ் அவரை மறுபடி தலைமை நீதிபதியாக நியமித்தார், செனட்டும் ஒப்புக்கொண்டது. 1801 ஜனவரி 2 அன்று ஜே மறுத்தார். இவ்வளவு குறையுள்ள அமைப்பில் நீதிமன்றத்துக்குத் தேவையான வலுவும் கண்ணியமும் வராது என்று நம்பியே வெளியேறினேன் என்று எழுதினார். ஆடம்ஸ் அடுத்துத் தேர்ந்தெடுத்தவர் ஜான் மார்ஷல். மார்ஷல் 34 ஆண்டு இருந்து, ஜே வராது என்று நினைத்த வலுவை நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தார். ஜே பெட்ஃபோர்ட் பண்ணைக்குப் போனார். 1802-ல் சாரா இறந்தார். 1829 மே 17 வரை அங்கேயே இருந்தார்.

இன்னும் உயிரோடிருக்கும் 3-ஆவது பிரிவு

ஒப்பந்தத்தின் வணிகப் பிரிவுகள் பழங்கதையாகிவிட்டன. எல்லையின் இரு பக்கமும் வாழும் பூர்வகுடிகள் தடையின்றிப் போய்வரலாம் என்ற 3-ஆவது பிரிவு மட்டும் இன்னும் நீதிமன்றத்தில் பேசுகிறது. 1920-களில் கனடாவின் கானவாகே ஊரைச் சேர்ந்த மோஹாக் இரும்பு வேலைக்காரர் பால் டயபோ ஃபிலடெல்ஃபியாவில் பாலம் கட்டும் வேலைக்கு வந்தபோது, அனுமதியில்லாமல் குடியேறியவர் என்று பிடித்தார்கள். அவர் ஜே ஒப்பந்தத்தைக் காட்டி வழக்காடி 1927-ல் வென்றார். மறு ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் அந்த உரிமையைச் சட்டமாகவே எழுதியது. பிறகு, உடலில் பாதி பூர்வகுடி ரத்தம் இருக்க வேண்டும் என்ற கணக்கும் அதில் சேர்ந்தது. அதைப் பூர்வகுடித் தலைவர்கள் எதிர்த்து வருகிறார்கள். கனடாவில் 1956-ல் உச்ச நீதிமன்றம் இந்த ஒப்பந்தம் உள்நாட்டுச் சட்டம் ஆகவில்லை என்று சொல்லிவிட்டது.

அக்வெசாஸ்னே என்ற மோஹாக் ஊர் நியூயார்க், ஒன்டாரியோ, கியூபெக் மூன்றிலும் பரவிக் கிடக்கிறது. அங்கே கனடாப் பக்கம் பிறந்த ஒருவர் தெற்கே வந்து தங்கவும் வேலை பார்க்கவும் பயன்படும் உரிமை 1794 நவம்பர் 19 தேதியிட்ட தாளிலிருந்து வருகிறது. தெற்கே பிறந்த அவர் உறவினர் வடக்கே போகும்போது அதே தாள் செல்லாது.